எண்ணெய் கழுவிய கால்

பக்கத்துக் குவார்ட்டர்சில் கடலை எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். ரயில்வே உடுப்பில் ஒருத்தி தனியாக நின்று சிரித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? உனக்கென்னடி சிநேகிதி, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். முழிப்பது நான்தானே.

அப்போது நகரியில் என் நைனா யாருடைய பவர்லூமிலோ கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நம் வயசுப் பெண்களெல்லாம் சென்னைக் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறினார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் கபடிதான். ரயில்வே அணியில் ஒரே ஓர் இடம், திருப்பதியில் தேர்வு என்றார்கள். இரண்டு பேரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு போனோம். கால் பிடித்துக்கொள்ளும் என்று அம்மா எனக்கு முழங்கால் வரை கடலை எண்ணெய் தேய்த்து அனுப்பியிருந்தாள்.

மைதானத்தில் நடுவர் ஒவ்வொருத்தி காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எண்ணெய் பூசியவளை ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்களாம். எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்தது. நீ பேசாமல் இருந்திருந்தால் உனக்கு ஒரு போட்டி குறைந்திருக்கும்.

"எண்ணெயோட நின்னுக்கினு கீறியேடி, பைத்தியம்! வாடி ஜல்தி!"

டீக்கடைக் குழாயடியில் சோப்புத் துண்டும் மண்ணுமாகப் போட்டுத் தேய்த்தாய். தோல் உரியுதுடி என்று கத்தினேன். "உரியட்டும். வேல வந்தா புதுத் தோல் வரும்" என்றாய்.

பிறகு நம்மை எதிரெதிர் அணியில் நிறுத்தினார்கள். நான் பாடிக்கொண்டு ஏறினேன். பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தது நீ! மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மூச்சை விடாமல் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டேன். விசில்! வாயில் மண்ணோடு நீதான் முதலில் கத்தினாய்: "எண்ணெ இருந்தா வழுக்கிக்கினு ஓடியிருப்ப. இப்ப இழுத்துக்கினே போயிட்டியேடி!"

வேலை எனக்கு வந்தது. நீயும் சென்னைக்குப் பஸ் ஏறினாய்.

உனக்குக் கல்யாணமாகி வெதுருகுப்பத்தில் இருந்தபோது ஒருநாள் கேட்டேன், வேண்டுமென்றே பிடியைத் தளர்த்தினாயா என்று. சோற்றுக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாய். "எனக்கும் அந்த வேல வேணும்டி! நான் பிடிய உடல. நீ ஜெயிச்ச."

நம்புகிறேன். அன்று என் கணுக்காலில் உன் ஐந்து விரல் தடங்களும் கன்றிப் போயிருந்தன. ஒரு வாரம் நொண்டிக்கொண்டேதான் நடந்தேன்.