ஏழாம் அறை ஃபேன்

மே 5, திங்கள்
நைனாவை ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஏழாம் அறை. காற்று வருவதற்காகச் சுவரில் ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கிறார்கள். கூரையில் வெள்ளை ஓடு, சோலார். செஞ்சி வெயிலுக்குப் பரவாயில்லை.

பத்து நிமிடத்தில் ஃபேன் நின்றது. எலக்ட்ரீஷியன் பாண்டுரங்கன் வந்து மேலே ஒரு வெள்ளைக் குமிழைக் காட்டினார்.

"ஆள் அசஞ்சா ஓடும்மா. அசையலன்னா ரூம் காலின்னு நெனச்சி நின்னுடும். கரன்ட் மிச்சம்."

"கட்டில்ல ஆள் இருக்காரே?"

"அசையணும்மா."

பக்கவாதம் வந்து, கை காலை அசைக்க முடியாமல்தான் பதினெட்டு நாளாகக் கிடக்கிறார் என்றேன். கம்ப்ளெயின்ட் எழுதிக்கொண்டு போனார்.

மே 6, செவ்வாய்
பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஆட்டுகிறேன்.

மே 7, புதன்
யோசித்தால், இது நைனாவுக்கு ஏற்ற கட்டடம். வீட்டில் யார் எழுந்தாலும் பின்னாலேயே வந்து ஃபேனை அணைப்பார். "ஆளில்லாத ரூமுக்கு இன்னாத்துக்கு காத்து?" இதற்காக நான் அப்பா என்றும் பாராமல் அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது கட்டடம் அவரையே ஆளில்லை என்கிறது. கோபமாக வருகிறது. யாரிடம் காட்டுவது, குமிழிடமா?

மே 8, வியாழன்
டாக்டர் ஷோபனா சொல்லிவிட்டார். கொஞ்சமாவது அசைவு வந்தால் பிசியோதெரபி வார்டுக்கு எடுத்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தம்பி ராபர்ட் பார்க்க வந்திருந்தான். வரும் புதன்கிழமை கார் கொண்டுவருகிறானாம்.

"எத்தினி நாளைக்கிக்கா இப்டியே ஒக்காந்திருப்ப?"

வீட்டுக்குப் போனால் அப்புறம் படுக்கைதான். அவனுக்கும் தெரியும். நைனாவின் கண் அவன்மேலேயே இருந்தது.

மே 10, சனி
டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஃபேன் ஓடுகிறது. நான் போய் இருபது நிமிடம்! ஐயோ, நைனா அசஞ்சிட்டாரு, அசஞ்சிட்டாருன்னு கத்திட்டேன். சிஸ்டர் ஓடி வந்தார்.

கோட்டைக் குரங்கு ஒன்று ஜன்னல் வழியாக வந்து, மேஜைமேல் உட்கார்ந்து என் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தது.

பாத்ரூமில் போய் அழுதேன்.

மே 11, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. கை ஆட்டினேன்.

மே 12, திங்கள்
என் கம்ப்ளெயின்டுக்குப் பாண்டுரங்கன் இன்றுதான் வந்தார். குமிழைக் கழற்றிவிட்டு நேராக சுவிட்ச் போட்டுத் தருகிறாராம். வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 13, செவ்வாய்
துணிகளைப் பையில் வைத்தேன். ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு டிஸ்சார்ஜ் கையெழுத்துக்குப் போனேன். அரை மணி நேரம் கியூ. திரும்பி வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் — ஃபேன் ஓடுகிறது.

இந்தத் தடவை கத்தவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வாழைப்பழம் நான்கு வைத்துவிட்டுப் போயிருந்தேன், நான்கும் இருந்தன. உள்ளே யாரும் போகவில்லை என்றார் சிஸ்டர்.

கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஃபேன் நின்றது. நைனா என்னைப் பார்த்தார். அவருடைய இடது கை மெல்ல எழும்பிப் பொத்தென்று மெத்தையில் விழுந்தது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

மே 14, புதன்
ராபர்ட்டின் கார் காலியாகத் திரும்பிப் போனது.

பிசியோ வார்டு பழைய கட்டடத்தில் இருக்கிறது. சாதாரண சுவிட்ச். மூலையில் ஆளில்லாத கட்டிலுக்கு மேலே ஒரு ஃபேன் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நைனா அதையே முறைத்துக்கொண்டிருந்தார். போய் அணைத்துவிட்டு வந்தேன்.