ஆஸ்திரேலியாக் காசு

மரக்காணம்,
12 ஜூலை 2006

என் அக்காவுக்கு,

நீ அனுப்பிய காசு வந்துவிட்டது! அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தபால்காரர் பார்சலை உப்பளத்துக்கே கொண்டுவந்துவிட்டார். உன் பெயரைப் பார்த்ததும் அப்பா, "திருப்பி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தார். நான் பிரித்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் பவுண்டும் ஷில்லிங்கும் போய் டாலரும் சென்டும் வந்து நாற்பது வருஷம் ஆனதற்காக அடித்த காசு என்று நீ எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன்.

அப்பா நின்றார். "அங்கயும் நம்மள மாதிரி கணக்க மாத்துனாங்களா?"

அணா போய் நயா பைசா வந்த வருஷம் தான் வாங்கிய முதல் கூலியைப் பற்றி அவர் சொல்வதை நீ ஒருத்திதானே அலுக்காமல் கேட்பாய்! வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு காசை வாங்கினார்.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூனிமேட்டுக்குப் பஸ் ஏறினார். நானும் கூடவே ஓடினேன். அவருடைய சிநேகிதர் ஹனிபா பாய் கடையில், அத்தனை பேர் நடுவில், "பாத்தியா பாய், என் பெரிய பொண்ணு அனுப்பியிருக்குது!" என்றார்.

பெரிய பொண்ணு என்றார், அக்கா! அப்பா பேச்சை மீறி நீ அத்தானைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷத்துக்கு அப்புறம்!

பாய், "மாப்ள எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டார். நான் சட்டென்று அப்பா முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்காராம்" என்றார் அப்பா. அத்தானைப் பற்றி நீ எழுதியிருந்ததை நான் படித்துக்கூடக் காட்டவில்லை!

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லக் கேட்டார்: "அங்க இப்ப மணி என்னா இருக்கும்?"

ஆகஸ்ட் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊர் நேரம் மதியம் மூன்று மணிக்குப் போன் பக்கத்திலேயே இரு. முதலில் பேசப்போவது நானில்லை.

உன் தங்கச்சி