அடி அடுக்கும் மூக்குக் கண்ணாடியும்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் நிம்மதி இல்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? மெசேஜ் வந்தாலும் என் போனை முதலில் பார்ப்பது உன் அப்பாதான். அதனால் கடையில் சாப்பாட்டு நேரத்தில், கார் சீட் உறை தைக்கிற மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். முழுசாகப் படி, பாதியில் சிரிக்காதே.

அப்பாவுக்கு ஓய்வுப் பணம் வந்தது உனக்குத் தெரியும். அதை ஒரு காசு மிச்சம் வைக்காமல் ஒரு கடன் பத்திரத்தில் போடப் போகிறார். அதை விற்க ஒருவர் வீட்டுக்கு வந்தார், ஷூவில் முகம் பார்க்கலாம், நான் அவருக்குப் பளபளப்பு என்றே பேர் வைத்துவிட்டேன். ஆயிரக்கணக்கான பேர் கார் வாங்க எடுத்த கடனை ஒரே மூட்டையாகக் கட்டி, அதில் மாசாமாசம் வருகிற தவணையை மூன்று அடுக்காகப் பிரித்துக் கொடுப்பார்களாம். மேல் அடுக்குக்கு ஆறு வட்டி, நடுவுக்கு ஒன்பது, அடி அடுக்குக்குப் பதினாலு. படம் போட்ட தாளை நீட்டினார், அப்பா நேராக அடி அடுக்கில் விரலை வைத்தார். அதுல கொஞ்சம் ரிஸ்க் இருக்கு சார் என்று பளபளப்பு முனகினார், சொல்லவே இல்லை என்று நான் பழி போடமாட்டேன், ஆனால் இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவரும் இரண்டாம் தடவை வாயைத் திறக்கவில்லை.

இதில் உன் பங்கும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. போன மாசம் நீதானே சொன்னாய், பெரிய பெரிய பென்ஷன் நிதிக்காரங்களே இதை வாங்குறாங்கப்பா, பணம் அருவி மாதிரி மேலேர்ந்து கீழே வரும் என்று. பிடித்துக்கொண்டார். ஆயுசு முழுக்கக் குடிநீர் வால்வைத் திறந்து மூடியவர் ஆச்சே. எந்தக் கட்டடத்திலும் தரைத்தளத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், மேல் மாடிக்காரர்கள்தான் சொட்டுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். கீழ இருக்கறவனுக்குத்தான் எப்பவும் முதல்ல, தண்ணியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா என்கிறார். அப்படியென்றால் அவனுக்கு எதற்கு வட்டியும் கூடத் தருகிறார்கள் என்று கேட்டேன், முறைத்தார்.

நீ இங்கே வந்திருந்தபோது சமையலறையில் மூன்று பாத்திரத்தை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து எனக்குக் காட்டினாயே, அது மறக்கவில்லை. மேலே உள்ளது நிரம்பி வழிந்தால்தான் நடுவுக்கு, நடு வழிந்தால்தான் அடிக்கு. தவணை கட்டாதவர்கள் கூடினால் முதலில் காய்வது அடிப் பாத்திரம், அந்த நஷ்டத்தை முன்னால் நின்று வாங்குவதற்குத்தான் அந்தப் பதினாலு. பென்ஷன் நிதிக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது மேல் அடுக்கை, வட்டி குறைந்தாலும் தூக்கம் வருமே. அடி அடுக்கு, போனால் போகட்டும் என்று கொஞ்சம் ஒதுக்கி, மூட்டைக்குள் இருக்கிற கடனையெல்லாம் அலசிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு. அம்மாடி, போனில் இந்தப் பாதியை விட்டுவிட்டாயே!

எனக்கு ஏன் இவ்வளவு பயம் தெரியுமா? முன்பெல்லாம் கடைக்குப் புது வண்டி வரும், வாங்கினவர் துணி நிறம் பார்த்தே ஒரு மணி நேரம் உயிரை எடுப்பார். இப்போது பாதி வண்டி, தவணை நின்றதால் கடன் கொடுத்த கம்பெனி இழுத்து வந்தவை, திரும்ப விற்க உறை மாற்றச் சொல்லி அனுப்புகிறார்கள். நேற்று ஒரு வண்டியில் முன் சீட்டின் முதுகில் ஏதோ குழந்தை பேனாவால் எங்க கார் என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. அந்த உறையைக் கிழித்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. இதெல்லாம் அப்பா வாங்கப் போகிற மூட்டையில் இருக்கிற வண்டிகளா, எனக்குத் தெரியாது. சொன்னால், உன் கடைக்கு வர்ற நாலு வண்டியை வெச்சு உலகத்தை அளக்காதே என்கிறார்.

கணக்கு இருவர் பேரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும். அவர் போட்டாகிவிட்டது. நான் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன், படிக்காமல் போடமாட்டேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி என் நூல் டப்பாவில் சொகுசாக இருக்கிறது. வீட்டில் தடவித் தடவி நடக்கிறேன், நேற்று நடிப்பு முற்றி டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார், பாவம். இன்று காலை நானே போய் வாங்கிட்டு வர்றேன் என்று செருப்பை மாட்டிவிட்டார், சனிக்கிழமைதான் தருவார்கள் என்று பிடித்து உட்கார வைத்தேன். அன்று மாலைதான் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கப் பளபளப்பு வருகிறார்.

ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள் என்று கத்தியும் பார்த்தேன். நம்ம வாலு மாசாமாசம் பணம் அனுப்புறா, அவளுக்கும் குழந்தை வரப்போகுது, பதினாலு வந்தா இனிமே அனுப்பாதேன்னு சொல்லலாம்ல என்றார், அவருக்கு நீ இன்னும் அந்தச் சின்ன வாலுதான். அதனால் அவரைத் திட்டாதே, இந்தக் கடிதத்தையும் காட்டிக்கொடுக்காதே. சனிக்கிழமை காலையிலேயே கூப்பிடு, ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும். சந்தேகம் கேட்கிற மாதிரி கேள், மேல் தொட்டி நிரம்பி வழிஞ்சாத்தான் கீழ்த் தொட்டிக்குன்னா, தண்ணி குறைஞ்ச மாசம் கீழ்த் தொட்டி என்னப்பா ஆகும் என்று. அவரே சொல்லிக்கொண்டு வந்து பாதியில் நின்றுவிடுவார். தொட்டி என்றே சொல், குழாய் என்ற பேச்சை எடுக்காதே, மறுபடி தரைத்தளத்துக்குக் கிளம்பிவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு, படி ஏறும்போது மெல்ல ஏறு, தாயும் பிள்ளையுமாக நல்லபடி இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும். கூரியர்காரர் வெள்ளிக்கிழமையே உன் கையில் கிடைக்கும் என்று சத்தியம் செய்கிறார். நீ கூப்பிட மறந்தால் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் எதிரே உட்கார வேண்டியதுதான், அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு இதுவரை வந்ததில்லை. இந்த வாரம் நான் போடுகிற கையெழுத்து இது ஒன்றுதான், இது ஒன்றாகவே இருக்கும்படி செய்.

உன் அம்மா