புள்ளிக்காரி எழுந்துவிட்டாள்

அம்மணி,

உன் புள்ளிக்காரி சாகவில்லை! தொட்டியில் விட்ட அன்றே மணலுக்குள் புதைந்துகொண்ட அந்த ராஸ் என்ற கடல்மீன், ஒன்பது நாள் கழித்து இன்று காலை எட்டு மணிக்குத் தலையை நீட்டினாள். இப்போது ஒன்றுமே நடக்காத மாதிரி பவளப்பாறையைச் சுற்றி வளைய வருகிறாள்.

நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். செத்துவிட்டாளா என்று பார்க்கக் கரண்டிக் காம்பால் மணலைக் கிளறப் போனது தப்புதான். "புது இடம்னா பயம் இருக்காதா? தூங்குறவளைக் குத்தியா எழுப்புவாங்க?" என்று கத்தினாய். அன்றிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை.

நீ எழுந்ததும், ஃப்ரீசரில் இருக்கும் பொடி இறாலைப் பனி உருகவிட்டு அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. தொட்டியின் வலைமூடியை உடனே மூடிவிடு. பயந்தால் துள்ளி வெளியே விழுந்துவிடுவாள். உன் சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி ஆணியில்.

கரண்டியைக் கழுவி உன் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

பி.கு.: நைட் டியூட்டி முடித்து வந்து போர்வைக்குள் புதைந்து கிடக்கிறாய். இதைச் சொல்லலாம் என்று மூன்று தடவை படுக்கையறைக் கதவுவரை வந்து திரும்பிவிட்டேன். குத்தி எழுப்பக் கூடாதாமே.