உன் நாவல் அழியவில்லை, அக்கா

அக்கா,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். முதலில் அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்து பார். உன் விண்டோஸ் வருகிறது. நீ மொழிபெயர்த்த நாவல் முழுசாக இருக்கிறது.

டிஸ்க் சாகவே இல்லை. அதில் விண்டோஸோடு லினக்ஸையும் போட்டுப் பார்க்க நான்தான் டிஸ்க் செட்டிங்கை மாற்றினேன். புது செட்டிங்குக்கான டிரைவர் மென்பொருள் இல்லாமல்தான் விண்டோஸ் திறக்கவில்லை. நேற்று டிரைவரைப் போட்டதும் வந்துவிட்டது. அன்றைக்குச் சரியாகப் பார்க்காமலே, "எல்லாம் போச்சுக்கா"ன்னு சொல்லிவிட்டேன்.

நீ இரண்டு மாதம் உட்கார்ந்து மறுபடி எழுதினாய். "முதல்ல வந்த மாதிரி வரலடா" என்றாய். இரண்டையும் படித்தேன். நீ சொன்னது நிஜம்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

பி.கு. நீ மறுபடி எழுதிய பிரதி நாளைக்கு அச்சுக்குப் போகிறதாம். நிறுத்தச் சொல்லத்தான் பதிப்பகத்துக்குப் போகிறேன். தப்பு என்னுடையது என்றும் சொல்லிவிடுவேன். வேண்டாமென்றால் போன் பண்ணு. திட்டுவதற்கும் பண்ணலாம்.