பாதிப் பாதி மாத்திரை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
9-3-2005

அன்பு மகள் ஏலோதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வின்சானும் குழந்தை க்ளோயேயும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. பயப்படாதே, அம்மா நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள், இப்போதுகூட ரசத்துக்கு மிளகு இடிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்குத்தான் நேற்றிலிருந்து தலை சுற்றுகிறது. போனில் சொல்ல வாய் வராமல் எழுதுகிறேன்.

மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வருட மாத்திரையும் முடிந்ததும், வியாதி திரும்ப வராமல் தடுக்கிற புது மருந்து ஆராய்ச்சியில் அம்மா சேர்ந்தாள் அல்லவா? பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அன்றைக்கு அம்மாவோடு சேர்ந்தவள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அங்கம்மாள். நேற்று எல்லோரையும் கூப்பிட்டு, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி, யாருக்கு எது என்று எழுதி மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தார்கள். அம்மாவுக்கு நிஜ மருந்து, அங்கம்மாளுக்கு மாவு. நான் வாயெல்லாம் பல்லாக டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். அப்போது உன் அம்மா மெதுவாகக் கேட்கிறாள், என் மாத்திரையில் பாதியை வேறொருத்தி சாப்பிட்டிருந்தால் என்ன ஆகும் என்று.

இரண்டரை வருடமாக, ஏலோதி! மீன் வாங்கப் போகிற சாக்கில் மாதா மாதம் இரண்டு டப்பாவையும் திறந்து பாதிப் பாதி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் இவள் மாத்திரை, மறுநாள் அவள் மாத்திரை. மீனைக் கூறு போடுகிற மாதிரி மருந்தையும் கூறு போட்டிருக்கிறார்கள். பட்டாளத்தில் இருபது வருடம் காவல் பார்த்தவன் நான், என் வீட்டில் நடந்தது தெரியவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முழுசா சாப்பிட்டா எவ்வளவு பாதுகாப்புன்னு சொல்லலாம், பாதிக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். அங்கம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை இருவருக்கும் ஸ்கேன்.

ஆட்டோவில் வீடு வரைக்கும் கத்தினேன். கடைசியில் எனக்கே பாவமாக இருந்தது, எது நிஜம் என்று தெரியாமல்தானே செய்தாய், போகட்டும் விடு என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "தெரியாம இல்லீங்க. ரெண்டாம் மாசமே எனக்கு முட்டி வலி, வேர்த்துக் கொட்டுச்சு, அவளுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் மருந்துன்னு புரிஞ்சுபோச்சு. அப்புறம்தான் பாதிப் பாதின்னு போய்க் கேட்டேன்." நாற்பது வருடம் கூட இருந்தவளை யாரோ மாதிரி பார்த்தேன். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?" என்கிறாள். விட்டிருக்க மாட்டேன், அது உண்மை.

நீ போன் செய்தால் அவளைத் திட்டாதே, நான் திட்டியாயிற்று. உனக்கும் நாற்பது நெருங்குகிறது, அங்கே மார்புப் பரிசோதனை செய்துகொள், வேலை வேலை என்று தள்ளிப்போடாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. அம்மாவுக்காக ஜெபம் செய். அங்கம்மாளையும் சேர்த்துக்கொள். நேற்று ஜெபத்தில் என்னால் அவள் பெயரைச் சொல்ல முடியவில்லை, மகளே.

உன் அப்பா
எதுவார்