பெயின்டுக்கு அடியில்

லொரேன்,

அடுப்பில் மாட்டிறைச்சி சூப் இருக்கிறது. மதியம் உன் அப்பா வருவார். சாப்பாடு போட்ட பிறகே கொட்டகைப் பக்கம் விடு.

அவருடைய டிராக்டரின் ஸ்டியரிங் சக்கரம் கழன்றால்தான் அதன் தண்டை உருவலாம். தண்டை உருவினால்தான் ஒழுகும் ரேடியேட்டரை இறக்கலாம். எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், அடித்தும் பார்த்தேன். "பொறுமை வேணும் மாப்ளே, இரும்பு கெஞ்சினாத்தான் இறங்கி வரும்" என்று பழைய டிராக்டர்கள் சங்கத்தின் தலைவரான உன் அப்பா போனில் அருளினார். மகள் நீயும் ஆமாம் போட்டாய்.

இன்று பெயின்டைச் சுரண்டினேன். சக்கரத்தைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைத்திருக்கிறது. உன் அப்பா கைவேலைதான், அவருக்கே மறந்திருக்கும்.

அறுத்தால் சக்கரம் உடையும், வேறு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் டிராக்டர் ஊர்வலத்தில் அவர் இதை ஓட்டப்போவதில்லை. டாக்டர் சொன்னதைப் பார்த்தால், அடுத்த வருஷம் ஊர்வலம் இருக்கும், அவர் இருக்கமாட்டார்.

இரும்பைச் சூடாக்க இரவல் வாங்கிய கேஸ் டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

வெண்டல்

பி.கு.: வெல்டிங் பற்றி அவரிடம் மூச்சுவிடாதே. எனக்குத்தான் பொறுமை இல்லை என்றே இருக்கட்டும்.